மொட்டை மாடிக்கு வெள்ளை அடிச்ச கதை

பதிவு எழுதி மூணு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொன்னா நம்பவா போறீங்க? ஆனா நெசமாவே ஆணிதான். கூடவே வீட்டுல ஒரு சின்ன சுண்ணாம்பு வேலையும் நடந்துச்சு. அதைப் பத்திதான் இந்தப் பதிவு. நடுவுல வாட்டு, யூனிட்டு, சதுர மீட்டருனு கொஞ்சம் கணக்கு வரும். கணக்கு புடிக்காதவங்க அந்தப் பத்தியைத் தாண்டிப் போயிடலாம், கோச்சுக்க மாட்டேன் :-)

எங்க வீடு திருவொற்றியூர்ல, காலடிப்பேட்டை பக்கம். அரை கிரவுண்டுல கட்டுன வீடு. கீழ ஓனரம்மா, நடு மாடில ஒரு குடும்பம், உச்சி மாடில நாங்க. வாடகைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகுது. மொட்டை மாடில ஏறி நின்னா கிழக்கால கடல் ஒரு கோடு மாதிரி தெரியும். வானம் தெளிவா இருந்தா வடக்கால எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிங்களும் தெரியும். நான் செமஸ்டர் செமஸ்டரா அரியர் வச்சதும், அதை முடிச்சதும், வேலைக்குப் படிச்சதும் எல்லாம் இந்த உச்சி மாடி ரூம்லதான். அதனால சூடுங்கிறது எங்களுக்குப் பெரிய விஷயமா தோணுனதே இல்ல. மெட்ராஸ்னா வேர்க்கும், அவ்ளோதான்.

போன வருஷம் கத்திரி வெயில் முடியப்போற சமயம். ராத்திரி பதினோரு மணி இருக்கும். அப்பா தூக்கம் வராம எழுந்து பாத்ரூம் போனவரு, நிலைப்படிகிட்ட தலை சுத்தி விழுந்துட்டாரு. நெத்தில மூணு தையல். அப்பா ஹார்பர்ல டாலி கிளார்க்கா முப்பது வருஷம் வெயில்ல நின்னு மூட்டை எண்ணுன ஆளு. "வெயிலு என்னை ஒண்ணும் பண்ணாதுடா"னு சொல்லிட்டே இருப்பாரு. அவரு விழுந்தது வெயில்ல இல்ல. ராத்திரில, வீட்டுக்குள்ள, ஃபேனுக்கு அடியில.

தையல் போட்ட டாக்டர் பிரஷர் மாத்திரை என்னனு பார்த்தாரு, எவ்ளோ தண்ணி குடிக்கிறாருனு கேட்டாரு. அப்புறம் அவரு கேட்ட கேள்விதான் எனக்கு மண்டைக்குள்ளயே நின்னுச்சு.

"வீடு எத்தனாவது மாடி? மொட்டை மாடிக்கு நேர் கீழயா?"

ஆமான்னேன்.

"பகல்ல சூடு ஏறுனாலும் ராத்திரி உடம்பு ஆறணும். ராத்திரியும் ஆறலன்னா இந்த வயசுல தாங்காது. ஒண்ணு ஏசி போடுங்க, இல்ல ரூமை மாத்துங்க."

ஏசி போடலாம்னு ஓனரம்மாகிட்ட போனேன். "வயரு பழசு கண்ணு, தாங்காது. உனக்கு ஏசி போட்டா நடுவூட்டுக்காரனும் கேப்பான்"னுட்டாங்க. அது பொய்யில்ல. மொத்த வீட்டுக்கும் ஒரே சர்வீஸ். எங்களுக்கெல்லாம் சப் மீட்டர்தான்.

இந்த இடத்துல என் பொழைப்பைப் பத்தி ஒரு வரி சொல்லணும். சொன்னா சிரிப்பீங்க. நான் பொட்டி தட்டுற புராஜெக்டே கட்டிடங்களோட மின்சாரக் கணக்குதான். வெளிநாட்டுக் கட்டிடம் ஒவ்வொண்ணும் எத்தனை யூனிட் இழுக்குது, அந்த ஊர் சட்டத்துக்கு உள்ள இருக்கா வெளிய போயிடுச்சானு திரையில பச்சை, மஞ்சள், சிவப்பா காட்டுற மென்பொருள். நியூயார்க்ல 2019ல ஒரு சட்டம் போட்டாங்க. 25,000 சதுர அடிக்கு மேல இருக்கிற கட்டிடங்களுக்கு 2024ல இருந்து கார்பன் வரம்பு. வரம்பைத் தாண்டுனா ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் அபராதம். அந்த 268ங்கிற எண்ணை கோடுல டைப் அடிச்சவன் நான்தான். காலைல ஓ.எம்.ஆர்.ல கண்ணாடிக் கட்டிடத்துல, மே மாசத்துல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, எவனோ ஒருத்தனோட மாடிக்கு பச்சை கலர் குடுத்துட்டு, ராத்திரி வந்து அடுப்புக்குள்ள படுக்கிறது. விளக்கடி இருட்டுனு சொல்லுவாங்களே, அது நான்தான்.

தையல் பிரிச்ச அன்னிக்கு ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். சுட்டா சூடு காட்டுற துப்பாக்கி ஒண்ணு வாங்குனேன். கொரோனா காலத்துல நெத்தியில வச்சாங்களே, அது நாப்பத்திச் சொச்சம் டிகிரிக்கு மேல போகாது, இது தொழிற்சாலைக்காரங்க வச்சிருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு ரூம் நடுவுல நின்னு சீலிங்கைச் சுட்டேன். 41. வெளிய காத்து அப்போ 32. சூரியன் போய் ரெண்டரை மணி நேரம் ஆகியும் எங்க தலைக்கு மேல இருக்கிற கான்கிரீட் 41ல இருக்கு. ஃபேன் போட்டா அந்தச் சூட்டைத்தான் வாரி எங்க மேல இறைக்குது.

இப்போ கணக்கு. எங்க ரூம் பத்துக்குப் பன்னெண்டு, அதாவது 120 சதுர அடி, 11 சதுர மீட்டர். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டர் மேல சுமார் 1000 வாட் கொட்டுது. ஆக எங்க ரூம் கூரை மேல மட்டும் 11,000 வாட். அம்மாவுக்குப் புரியுற மாதிரி சொன்னேன்: "பதினோரு அயர்ன் பாக்ஸை ஃபுல்லா வச்சு மொட்டை மாடில கவுத்து வச்ச மாதிரிம்மா." பாசி புடிச்சுக் கறுத்துப்போன பழைய கான்கிரீட் அதுல பாதிக்கு மேல உறிஞ்சிக்கும். கொஞ்சத்தைக் காத்து கொண்டு போயிடும். மிச்சத்தை அந்த அஞ்சு இஞ்சு தளம் பகல் முழுக்கச் சேத்து வச்சு, நாம படுக்கிற நேரமா பாத்து உள்ள இறக்கும். புதுசா வெள்ளை அடிச்ச தளமா இருந்தா வர்ற வெயில்ல முக்கால்வாசியத் திருப்பி வானத்துக்கே அனுப்பிடும். இது பத்தாங்கிளாஸ் இயற்பியல். இதுக்கு என் டிகிரி தேவையே இல்ல.

நம்ம நாட்டுல இதுக்குச் சட்டம், விதி எதுவும் இல்லைனு நெனச்சுட்டு இருந்தேன். தேடிப் பாத்தா, இருக்கு. நல்லாவே எழுதியிருக்காங்க. எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001ல வந்துச்சு. அது மூலமா 2002ல எரிசக்தித் திறன் வாரியம், நம்ம ஃப்ரிட்ஜ்ல ஸ்டார் ஒட்டுறாங்களே, அவங்க வந்தாங்க. 2007ல பெரிய வணிகக் கட்டிடங்களுக்கு ஒரு விதித்தொகுப்பு. 2018 டிசம்பர்ல வீடுகளுக்குன்னே ஒண்ணு, ஈகோ நிவாஸ் சம்ஹிதானு பேரு. பேரைப் பாத்துட்டு ஏதோ பக்தி புஸ்தகம்னு நெனச்சிடாதீங்க. படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. கூரை வழியா சூடு இறங்குறதுக்கு ஒரு அளவு இருக்கு: வெளியயும் உள்ளயும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தா ஒரு சதுர மீட்டர் வழியா எத்தனை வாட் கடக்குதுனு. அது 1.2க்கு மேல போகக் கூடாதுன்னு விதி சொல்லுது. மேல ஒண்ணுமே போடாத மொட்டைக் கான்கிரீட்டுக்கு அது 3க்கு மேல வரும். அதாவது எங்க கூரை, விதி சொல்றதை விட ரெண்டரை மடங்குக்கு மேல சூட்டை உள்ள விடுது.

ஜன்னலுக்கும் கணக்கு உண்டு. மெட்ராஸ் மாதிரி புழுக்கமான ஊர்ல தரைப் பரப்புல ஆறுல ஒரு பங்கு திறக்கிற மாதிரி இருக்கணுமாம். எங்க ரூமுக்கு 20 சதுர அடி வரணும். இருக்கிறது மூணுக்கு நாலுல ஒரு ஜன்னல், அதுவும் தள்ளுற மாதிரி, பாதிதான் திறக்கும். ஆறு சதுர அடி. மத்தியானம் கடல் காத்து வரும்போது அதையும் மூடித்தான் வைக்கணும், ஏன்னா கன்டெய்னர் லாரி போற தூசி.

சரி, இவ்ளோ நல்ல விதி எங்க வீட்டுக்கு ஏன் வரல? 500 சதுர மீட்டரும் அதுக்கு மேலயும் இருக்கிற மனைக்குத்தான் அது. 500 சதுர மீட்டர்னா 5,382 சதுர அடி, நம்ம கணக்குல ரெண்டேகால் கிரவுண்டு. காலடிப்பேட்டையில ரெண்டேகால் கிரவுண்டுல வீடு கட்டுறவன் யாரு? எங்க தெருவுல அரை கிரவுண்டுக்காரங்களே பணக்காரங்க. 2022ல சட்டத்தைத் திருத்துனாங்க, 2023 ஜனவரில அமலுக்கு வந்துச்சு. அதுல குடியிருப்பையும் சேத்தாங்க. ஆனா 100 கிலோவாட் மின் இணைப்பு இருக்கிற கட்டிடத்துக்குத்தான். அது அடுக்குமாடிக் காம்ப்ளெக்ஸ். பக்கத்துத் தெலங்கானால 2023 ஏப்ரல்ல கூல் ரூஃப் கொள்கைனே ஒண்ணு கொண்டு வந்தாங்க. வெயிலைத் திருப்பி அனுப்புற கூரையைக் கட்டாயமாக்குன முதல் முயற்சிகள்ல ஒண்ணு, பாராட்டணும். அதுலயும் வீடுன்னா 600 சதுர கஜத்துக்கு மேல இருந்தாத்தான் கட்டாயம். 600 சதுர கஜம் எவ்ளோன்னு போட்டுப் பாத்தேன். 5,400 சதுர அடி. மறுபடியும் அதே ரெண்டேகால் கிரவுண்டு! டெல்லிக்காரனும் ஐதராபாத்காரனும் பேசி வச்சுக்கிட்ட மாதிரி.

சின்ன வீடுகளை ஏன் விட்டாங்கன்னு புரியாம இல்ல. ஒவ்வொரு சின்ன வீட்டுக்கும் பிளான் பாத்து, கணக்குப் போட்டு, ஆய்வு பண்ண கார்ப்பரேஷன்ல ஆள் கிடையாது. கஷ்டம் வேற, லஞ்சத்துக்கு இன்னொரு கதவு வேற. ஆனா இன்னொண்ணும் இருக்கு. இந்த விதியெல்லாம் இனிமே கட்டப் போற வீட்டுக்கு. எங்க வீடு ஏற்கெனவே கட்டி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. வட சென்னையே முக்கால்வாசி ஏற்கெனவே கட்டி முடிச்ச ஊருதான்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். ராயபுரத்துல மாதா கோயில் தெரு பக்கம் எங்க ஆயா குடியிருந்த வீடு. அதுவும் வாடகைதான். மெட்ராஸ் டெரஸ்னு சொல்ற பழைய கூரை. தேக்கு உத்தரம், அது மேல செங்கல்லை நெட்டுக்குத்தா நிக்க வச்சு சுண்ணாம்புல அடுக்கி, அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கான்கிரீட். கடுக்காயும் வெல்லமும் ஊற வச்ச தண்ணிய ஊத்தி, பொம்பளைங்க வரிசையா குந்திக்கினு கட்டையால நாள் கணக்கா அடிப்பாங்கன்னு ஆயா சொல்லும். கடைசியா தட்டோடு. மத்தியானம் அந்த வீட்டுத் தரையில படுத்தா தூக்கம் அப்படி வரும். அந்த வீட்டை இடிச்சு ஃபிளாட் கட்டிட்டாங்க. அதே ராயபுரத்துல 1856ல திறந்த ரயில் நிலையம் இன்னும் உயரமான தூணோட நிக்குது. மே மாசம் உள்ள போய் நின்னு பாருங்க. அதுக்கு எவனும் அஞ்சு ஸ்டார் ஒட்டல. பழசெல்லாம் பொன்னுனு சொல்ல வரல, அந்த வீட்டுல ஆயா மழைக்காலத்துல அஞ்சு எடத்துல குண்டான் வைக்கும். ஆனா கூரைங்கிறது வெயிலுக்கும் சேத்துதான்னு அந்தக் கொத்தனாருக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

இதையெல்லாம் யோசிச்சுக்கிட்டு இருந்தப்போ எனக்கு ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. மின்சாரத்தை மிச்சப்படுத்துற திட்டங்கள்ல எங்க வீட்டுக்கு வந்து சேந்தது எது, சேராதது எதுனு ஒரு தாள்ல எழுதுனேன். எல்.இ.டி. பல்பு வந்துச்சு. 2015 ஜனவரில உஜாலா திட்டம் ஆரம்பிச்சு, அரசே மொத்தமா கொள்முதல் பண்ணி, 2014ல 310 ரூபாய்க்கு வாங்குன பல்பை 2016ல 38 ரூபாய்க்குக் கொண்டு வந்தாங்க. இன்னிக்கு எங்க தெருவுல குண்டு பல்பு கண்ணுலயே படாது. இது பெரிய சாதனை, சந்தேகமே இல்ல. ஸ்டார் போட்ட ஃப்ரிட்ஜ் வந்துச்சு. ஃபேனுக்கும் 2023 ஜனவரில இருந்து ஸ்டார் கட்டாயம். நான் பி.எல்.டி.சி. ஃபேன் ஒண்ணு வாங்கிப் போட்டேன், 2,800 ரூபா. பழசு 75 வாட், இது 30. ஒரு நாளைக்கு 14 மணி நேரம் ஓடுனா ரெண்டு மாசத்துல 38 யூனிட் மிச்சம்.

பல்பு, ஃப்ரிட்ஜ், ஃபேன். மூணுமே வீடு காலி பண்ணும்போது கழட்டிக்கினு போகலாம். கூரை, ஜன்னல், சுவரு, வயரு இதெல்லாம் கழட்ட முடியாது. எது கழட்ட முடியுமோ அந்தச் சிக்கனம்தான் வாடகைக்காரன் வீட்டுக்கு வந்திருக்கு. கழட்ட முடியாதது வரல. ஏன்னா கூரைக்குக் காசு போட வேண்டியவங்க ஓனர், கூரையோட சூட்டைத் திங்கிறவங்க நாங்க.

மின் கட்டணத்துலயும் இதே கூத்துதான். 2016 மே மாசத்துல இருந்து வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். அதுக்கு மேல ஏற ஏற ரேட்டு ஏறும். கம்மியா செலவு பண்றவனுக்குக் கம்மி ரேட்டு, நல்ல யோசனை. 2022 செப்டம்பர்ல ஏத்துன கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபா. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆச்சுன்னா 1,958. அந்த ஒரு யூனிட்டுக்கு 233 ரூபா! ஃப்ரிட்ஜைத் தேவையில்லாம திறந்தா நம்ம தாய்க்குலம் கத்துறதுல ஒரு நியாயம் இருக்கு, பாத்துக்கோங்க.

எங்க வீட்டுச் செலவு ரெண்டு மாசத்துக்கு 250 யூனிட். தனி மீட்டரா இருந்தா அந்தக் கட்டணப்படி 450 ரூபா வரும். 2024 ஜூலைல இன்னும் கொஞ்சம் ஏத்துனாங்க, சரி, இருபது ரூபா கூட வச்சுக்கோங்க. நாங்க குடுக்கிறது யூனிட்டுக்கு 8 ரூபான்னு 2,000. மெட்ராஸ்ல வாடகைக்கு இருந்த எல்லாருக்கும் இது தெரியும். அம்மாகிட்ட இந்தக் கணக்கைக் காட்டியிருக்கக் கூடாது. ரெண்டு நாள் பேசவே இல்ல.

ஓனரம்மாவை வில்லியா ஆக்கிடாதீங்க. மூணு குடும்பமும் ஒரே கார்டுல ஓடுறதால மொத்தம் 900 யூனிட்டைத் தொடும், அவங்களுக்கே சராசரியா யூனிட்டுக்கு ஆறு ரூபாய்க்கு மேல விழுது. தனித்தனி சர்வீஸ் வாங்க ஈ.பி.க்கு அலையணும், டெபாசிட் கட்டணும். வீட்டுக்காரர் போய்ச் சேந்து எட்டு வருஷம். வர்ற வாடகைதான் சாப்பாடு.

ஒரு ஞாயித்துக்கிழமை அம்மாவும் நானும் கீழ இறங்கிப் போனோம்.

"ஆன்ட்டி, மொட்டை மாடிக்கு வெள்ளை அடிக்கலாம்னு பாக்குறேன். சூடு கொறையும்."

"தெளிவா சொல்லு கண்ணு. அடிக்கிறது யாரு, காசு யாருது?"

"பாதி பாதி போட்டுக்கலாம் ஆன்ட்டி."

"நான் கீழ கீறேன். எனக்கு இன்னா சூடு? மேல சூடுன்னா மேல இருக்கிறவன் அடிச்சிக்கினு போறான்."

அம்மா சொன்னாங்க, "அக்கா, போன மாசம் அவரு வுழுந்தது உனக்குத் தெரியும்ல."

ஓனரம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அடிச்சிக்கோ. ஆனா நாளைக்குக் காலி பண்ணும்போது பெயின்ட் காசைக் கயிச்சிக்கோன்னு வந்து நிக்கக் கூடாது. வடாம் காய வைக்கிற எடத்துல வழுக்கக் கூடாது. ஒழுகக் கூடாது." மூணு கண்டிஷன். எங்க கிளையன்ட் குடுக்கிற ஒப்பந்தத்தை விடத் தெளிவா இருந்துச்சு.

அன்னிக்கு ராத்திரி ஆபீஸ் வேலையா இங்கிலாந்துப் பகுதியைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அங்க வீட்டுக்கு ஏ-ல இருந்து ஜி வரைக்கும் எரிசக்திச் சான்று உண்டு. இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் 2018 ஏப்ரல்ல இருந்து, ஈ கூட வாங்காத வீட்டைப் புதுசா வாடகைக்கு விடக் கூடாது. 2020ல இருந்து ஏற்கெனவே ஆள் இருக்கிற வீட்டுக்கும் அதே விதி. சரி பண்ண வேண்டியது ஓனர். ஓனர் தலையில மொத்தமா கட்டாம 3,500 பவுண்டுன்னு ஒரு உச்சவரம்பும் வச்சாங்க, அதுக்கு மேல ஆகும்னா விலக்கு. அவங்க பயப்படுறது குளிருக்கு, நாம பயப்படுறது சூட்டுக்கு, அவ்ளோதான் வித்தியாசம். அதை அப்படியே இங்க தூக்கிட்டு வந்தா என்ன ஆகும்? ஓனரம்மா வீட்டைப் பூட்டிடுவாங்க, இல்ல வாடகையை ஏத்துவாங்க. சான்றிதழ் குடுக்கிறவன் நூறு ரூபாய்க்கு ஏ போட்டுக் குடுப்பான். எனக்குத் தெரியாதா என்ன. ஆனா உஜாலா பல்பு மாதிரி, வெள்ளைக் கூரைப் பெயின்ட்டையும் அரசே மொத்தமா வாங்கி வார்டு வார்டா குடுக்கலாமே? அங்க யாரோட பல்பு, யார் மாட்டணும்னு எவனும் சண்டை போடலயே. தமிழ்நாட்டுல அரசுப் பள்ளிக் கூரைகளுக்கு வெள்ளை பூசுற திட்டம் ஏற்கெனவே ஓடுது. குடிசை மாற்று வாரியமா 1970ல ஆரம்பிச்சு, 2021ல நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமா மாறுனதே, அவங்க குடியிருப்புகளோட மொட்டை மாடி காசிமேடு, தண்டையார்பேட்டைனு எங்க ஏரியா முழுக்க இருக்கு. அங்க ஓனரம்மாகிட்ட கேக்க வேண்டிய அவசியம்கூட இல்ல.

2024 மே 2ம் தேதி தமிழ்நாட்டோட மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டுச்சு. வெயில் காலத்துல இப்படி ஏற ஏற, எங்க ஊர்லதான் புது யூனிட் வரும். எண்ணூர் பழைய அனல் மின் நிலையம், 450 மெகாவாட், 2017 மார்ச்ல நிறுத்துனாங்க. ஆனா அத்திப்பட்டுல 1994ல ஆரம்பிச்ச வட சென்னை நிலையம் ரெண்டாம் கட்டம், மூணாம் கட்டம்னு வளந்துச்சு. 2024 மார்ச்ல 800 மெகாவாட் யூனிட்டைத் திறந்தாங்க. நடுவுல வல்லூர்ல 1,500. தி.நகர்ல ஒரு கூரைக்குச் சூடு கொறஞ்சா எங்க ஊர்ல எரியுற நிலக்கரியும் கொஞ்சம் கொறையும். இதை யாராவது அந்தப் பக்கத்துப் பதிவர்கள் கவனிச்சா நல்லது, ஹி ஹி.

சரி, வேலைக்கு வர்றேன். மொத்த மாடி 600 சதுர அடி. ரெண்டு நாள் நானும் அப்பாவும் (அம்மா திட்டத் திட்ட) பாசியைச் சுரண்டிக் கழுவுனோம். விரிசலை அடைக்க ஒரு கொத்தனார். அப்புறம் வெயிலைத் திருப்புற வெள்ளைப் பெயின்ட், ரெண்டு கோட்டு. கூலியோட 7,400 ரூபா. வெறும் சுண்ணாம்புல வெள்ளை சிமென்ட் கலந்து அடிச்சா இதுல கால்வாசிதான் ஆகும், ஆனா ஐப்பசி மழைக்குக் கரைஞ்சிடும்னாரு கொத்தனாரு. வடாம் காய வைக்கிற மூலையில மட்டும் ரெண்டாவது கோட்டுல மணல் தூவி அடிச்சோம். கண்டிஷன் நம்பர் ரெண்டு.

அடிச்சு முடிச்ச மறுநாள் மத்தியானம் மாடில கண்ணைத் திறக்க முடியல, அப்படிக் கூசுச்சு. ராத்திரி ஒன்பது மணிக்குத் துப்பாக்கியால சீலிங்கைச் சுட்டேன். 35. வெளிய காத்து அன்னிக்கும் 32தான். ஒரு வாரம் தொடர்ந்து பாத்தேன், 34க்கும் 36க்கும் நடுவுலயே நின்னுச்சு. ரூம் காத்து ரெண்டு டிகிரிதான் கொறஞ்சிருந்துச்சு. ஒரு வீடு, ஒரு துப்பாக்கி, ஒரு வாரம், இது ஆராய்ச்சி இல்லனு எனக்கே தெரியும். ஆனா அப்பா அந்த வாரம் பத்தரை மணிக்கெல்லாம் குறட்டை விட்டாரு. அம்மா நடு ராத்திரி எழுந்து அவரைத் தொட்டுப் பாக்குற பழக்கத்தை நிறுத்துனாங்க. முதுகு தரையில ஒட்டாம தூங்குறது எப்படி இருக்கும்னு எனக்கு இருபத்தெட்டு வயசுலதான் தெரிஞ்சுது.

பெயின்ட் டப்பாவுல அஞ்சு வருஷம்னு போட்டிருந்தான். அவன் எங்க ஊரைப் பாத்ததில்ல போல. மூணே வாரத்துல வெள்ளை சாம்பலாச்சு. லாரித் தூசி, கரித்தூள், எதுனு பிரிச்சுச் சொல்ல முடியாது. விரலால தேச்சா கண்மை மாதிரி வரும். சீலிங் 37ஐத் தொட்டுச்சு. கழுவுனா மறுபடியும் 35. அப்பாவுக்கு வேலை கெடைச்ச சந்தோஷம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தபா, சாயந்தரம் நிழல் விழுந்த பிறகு, துடைப்பமும் பக்கெட்டுமா ஏறிடுவாரு. டாலி கிளார்க் புத்தி போகுமா, தேதி போட்டு ஒரு டைரில எழுதி வச்சிருக்காரு: கழுவுன நாள், கழுவுறதுக்கு முன்ன எவ்ளோ, பின்ன எவ்ளோ.

ஆவணி பொறந்ததும் ஓனரம்மா மேல வந்தாங்க. வந்து ரூம்ல அஞ்சு நிமிஷம் குந்துனாங்க. அண்ணாந்து பாத்தாங்க.

"வூடு இப்ப ஊட்டி கணக்கா கீது. இந்த மாசத்துலேந்து வாடகை ஐநூறு சேத்துக் குடு."

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அம்மா, "முந்நூறுக்கா"ன்னாங்க. முடிஞ்சுது. என் 7,400 ரூபாய்ல அவங்க வீட்டு மதிப்பு ஏறி, அதுக்கு நானே மாசம் முந்நூறு கட்டுறேன். வருஷத்துக்கு 3,600. ஃபேன் மாத்தி மிச்சம் புடிச்சதெல்லாம் இதுல போச்சு. என் டேஷ்போர்டுல இதுக்கு ஒரு கலரும் இல்ல.

போன ஞாயிறு சாயந்தரம் அப்பா மாடி கழுவிட்டு இருந்தாரு. கறுப்பா தண்ணி, மழைநீர்க் குழாய் வழியா இறங்கி ஓனரம்மா வாசல்ல ஓடுச்சு. கீழருந்து ஒரே சத்தம்.

"யோவ் பெரியவரே, லாரித் தண்ணிய்யா அது! ரெண்டு பக்கெட்டோட நிறுத்திக்கோ!"

அப்பா எட்டிப் பாத்து, "மூணாவதுதான்மா, கடைசி"ன்னு சொல்லிட்டு நாலாவது பக்கெட்டைத் தூக்குனாரு.